ஊர்வேலைக்கு வந்த மிசின்

கதிரவேலுவின் கிணற்றுக்குள் பூனை விழுந்து செத்துவிட்டது என்றுதான் முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். நாதன் தள்ளுவண்டிலில் இருந்து தண்ணீர் இறைக்கிற மிசினை இறக்கி வைத்துவிட்டு, கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். மாரி பெய்து ஓய்ந்திருந்த நேரம். தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் தெளிவாகக் கிடந்தது. பூனையும் இல்லை, பூனையின் மயிரும் இல்லை.

"பூனையை எடுத்துப்போட்டியளோ, ஐயா?"

"பூனை எண்டு சொல்லச் சொன்னது நான்தான்," என்றார் கதிரவேலு. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆரும் கேட்டால் நீயும் அப்பிடியே சொல்லு. காலம் கெட்டுக் கிடக்கு. உள்ளதைச் சொன்னால் சாதி பாக்கிறன் எண்டு இயக்கப் பெடியள் வந்து விசாரணை எண்டு நிப்பாங்கள். நீ கிணத்தை அடி தெரிய ஒட்ட இறை."

"என்னத்துக்கு, ஐயா?"

கதிரவேலு வேலிப் பக்கம் கையை நீட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். வகுப்பறைகளுக்குள் ஷெல் வீச்சுக்குப் பயந்து குருநகரில் இருந்து இடம்பெயர்ந்து வந்த கடற்கரைச் சனம் இருந்தது. "உங்கை இருந்து ஒருத்தி மத்தியானம் வேலிப் பொட்டுக்குள்ளாலை பூந்து வந்து, தன்ரை வாளியை என்ரை கிணத்துக்குள்ளை விட்டு அள்ளித் தீட்டாக்கிப்போட்டாள். என்ன துணிவு பார் அவளுக்கு!"

கிணற்றடி வாழைக்குள் ஒரு நெளிந்த தகர வாளி கவிழ்ந்து கிடந்தது. கதிரவேலு காலால் உதைத்த இடத்திலேயே கிடந்தது.

நாதன் வாளியில் இருந்து கண்ணை எடுத்துக்கொண்டான். அதற்குக் காரணம் இருந்தது. அவனுடைய முழுப்பெயர் அடைக்கலநாதன். பிறந்தது குருநகர், ஞானஸ்நானம் பெற்றது குருநகர், மாதா படம் பொறித்த சின்னப் பதக்கம் ஒன்று அந்த நேரத்திலும் அவன் இடுப்புப் பட்டிக்குள் செருகிக் கிடந்தது. கடையில் அவனைச் சேர்த்த அன்றே முதலாளி சீவரத்தினம் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "உன்னை நாங்கள் நாதன் எண்டுதான் கூப்பிடுவம். பயிர் வைக்கிற தோட்டக்காரர் ஊரைக் கேட்டால் சிரிச்சுப்போட்டு வேலையைப் பார். மிச்சத்தை நான் கதைக்கிறன்." முதலாளி கதைத்ததில் அவன் மானிப்பாய்ப் பக்கத்து ஆளாகிவிட்டான். இவ்வளவு வருசமாக அப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

சீவரத்தினம் கெட்ட மனிதர் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திருநெல்வேலிச் சந்தையடியில் தண்ணீர் மிசின் திருத்துகிற கடை அவருடையது. அரசாங்கம் தடை போட்டு எரிபொருள் வருவது நின்று, ஊரில் பாதி மிசின் துருப்பிடிக்கத் தொடங்கிய பிறகும் அவர் தன்னுடைய வேலையாட்களில் ஒருவரையும் வேலையை விட்டு நிற்பாட்டவில்லை. ஆனால் சும்மா குந்தியிருப்பவனுக்குச் சம்பளம் கொடுக்க அவருக்கு மனம் வராது. ஆகவே ஒரு சட்டம் போட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு எல்லாரும் ஊர்வேலை செய்ய வேண்டும், சம்பளத்தோடு. அகதிச் சனம் இருக்கிற இடங்களில் குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டினார்கள், கக்கூசுக் குழி வெட்டினார்கள், கிணறு இறைத்தார்கள். சந்தையில் நாலு பேர் மெச்ச, முதலாளிக்குப் பெருமையில் தலை கொஞ்சம் பின்பக்கம் சாயத் தொடங்கியது. அது பரவாயில்லை. வேலை நடந்ததல்லவா?

இன்றைய ஊர்வேலை பள்ளிக்கூடக் கிணறு. மழை வெள்ளம் கக்கூசுக் குழியையும் கிணற்றையும் ஒன்றாக்கிவிட்டது. சனத்துக்கு வயிற்றோட்டம். புதன்கிழமை ஒரு குழந்தையைப் புதைத்திருந்தார்கள். சுகாதாரப் பரிசோதகர் குளோரின் தூள் கொண்டுவந்து கொடுத்து, முதலில் கிணற்றை இறைத்துவிட்டுப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இறைக்க மண்ணெண்ணெய் வேண்டும். வண்டிலில் இருந்த ஒரு கான் மண்ணெண்ணெய்க்காக முதலாளி நாயாய் அலைந்திருந்தார். அது ஒரு கிணற்றுக்குக் காணும். இரண்டு கிணற்றுக்குக் காணாது.

அந்த ஒரு கிணறு எது என்பதுதான் இப்போது கேள்வி.

"ஐயா, இதிலை கொண்டுவந்த எண்ணெய் பள்ளிக்கூடத்துக்கு..."

"அவையளுக்குத்தான் என்ரை மனுசி காலமையும் பின்னேரமும் நிண்டு அள்ளி ஊத்துறாளே! நாங்கள் ஒண்டும் தண்ணி இல்லை எண்டு சொல்லேல்லை. குடத்தைக் கொண்டுவந்து தள்ளி வைக்கட்டும், நாங்கள் ஊத்துவம். அதுதானே முறை? பொறுக்க ஏலாதாமோ?"

"ஒட்ட இறைச்சால் உவர் ஏறினாலும் ஏறும், ஐயா."

"மாரியிலையோ? என்ரை கிணத்தைப் பற்றி எனக்கே படிப்பிக்கிறியோ? மிசினைப் பூட்டு."

அந்த விடயத்தில் கதிரவேலு சொன்னது சரி. மாரியில் அந்தக் கிணறு உவராகாது. நாதனுக்கும் அது தெரியும். மறுக்க வேறு சாட்டு அவனிடம் இருக்கவில்லை.

மிசினைப் பூட்டத் தொடங்கினான். குழாயைக் கிணற்றுக்குள் இறக்கினான். திருகாணியை இறுக்கினான், கழற்றினான், திரும்ப இறுக்கினான். மண்ணெண்ணெயில் ஓடுகிற மிசினாக இருந்தாலும், கிளப்புவதற்கு நாலு துளி பெற்றோல் வேண்டும். அந்தப் பெற்றோலை முதலாளி ஒரு மருந்துப் போத்தலில் அடைத்துத் தன் சட்டைப்பையில்தான் வைத்திருப்பார். பெண்டாட்டியிடம்கூடக் கொடுக்கமாட்டார். அவர் சைக்கிளில் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர் வரும்வரைக்கும் நாதனுக்கு மூச்சுவிட நேரம் இருந்தது.

என்ன செய்வது? மறுத்தால் கதிரவேலு ஏன் என்று கேட்பார். ஏன் என்று தோண்டினால் ஊர் வெளியே வரும். ஊர் வெளியே வந்தால் வேலை போகும். கதிரவேலு வாய் திறந்தால் சுற்றுவட்டாரத்துத் தோட்டக்காரர் ஒருவரும் முதலாளியின் கடைப்படி மிதிக்கமாட்டார்கள். வீட்டில் மனைவி லூர்த்தம்மாவும் இரண்டு பிள்ளைகளும் அவனுடைய சம்பளத்தில்தான் அரைவயிறு சாப்பிடுகிறார்கள். இறைத்துவிட்டுப் போவதுதான் புத்தி என்று அவனுக்குப் பட்டது. தன்னுடைய சனம் தொட்ட தீட்டைத் தன்னுடைய கையாலேயே இறைத்து ஊற்றுவது! இறுக்கிய ஆணியைத் திரும்பவும் கழற்றினான்.

"நாதன் தம்பி, இந்தா தேத்தண்ணி." கதிரவேலுவின் மனைவி மீனாம்பிகை மூக்கு வைத்த பித்தளைப் பேணியைக் கொண்டுவந்து நீட்டினார். வழக்கமாக வீட்டுக்காரர் குடிக்கிற பேணி. நாதனுக்கும் எப்போதும் அதில்தான் கொடுப்பார். நாதன் அண்ணாந்து குடித்தான். ருசி தெரியவில்லை.

சைக்கிள் மணி கேட்டது. சீவரத்தினம் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்ன, இன்னும் கிளப்பேல்லையோ?"

"உங்கடை ஆள் இண்டைக்கு ஆணியோடை மல்லுக்கட்டுறார்," என்றார் கதிரவேலு.

நாதன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி அவனைப் பார்க்கவில்லை. பூனை இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. போத்தலைத் திறந்தபடி, தாழ்ந்த குரலில், "கெதியா முடி. பள்ளிக்கூடத்தை வாற வெள்ளி பாப்பம்," என்றார்.

வாற வெள்ளிக்குள் இன்னும் எத்தனை பிள்ளையோ!

அப்போதுதான் வேலிக்கப்பால் ஓலை சரசரத்தது. பொட்டடியில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தையின் தலை அவள் தோளில் துணிபோலத் துவண்டு கிடந்தது. நாதன் நிமிர்ந்தான். அவளும் அவனைக் கண்டாள்.

அது ஸ்ரெல்லா. குருநகரில் அவனுடைய ஒழுங்கையில், அவனுடைய வீட்டுக்கு மூன்றாம் வீடு. அவள் சட்டை போடாமல் திரிந்த காலத்தில் இருந்து அவனை அடைக்கலம் அண்ணை என்று கூப்பிட்டு வளர்ந்தவள். அவளுடைய கலியாணத்துக்குப் பந்தல் போட்டவன் அவன்.

அவளுடைய வாய் திறந்தது. அந்தப் பெயர் அவள் உதடு வரைக்கும் வந்துவிட்டதை அவன் கண்டான். கண்ணாலே கெஞ்சினான். வேண்டாம், ஸ்ரெல்லா. என்ரை பிள்ளையளை நினை.

ஸ்ரெல்லா மிசினைப் பார்த்தாள், முதலாளியின் கையிலிருந்த போத்தலைப் பார்த்தாள், கதிரவேலுவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டாள். பிறகு, முன்பின் கண்டிராத ஒருவனிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஐயா, என்ரை வாளியை ஒருக்கா எடுத்துத் தருவியளோ? வேறை வாளி இல்லை, ஐயா."

ஐயா! அவள் அவனைக் காப்பாற்றிவிட்டாள். ஆனால் அந்தச் சொல் செருப்பால் அடித்ததுபோல அவனுக்கு விழுந்தது. கதிரவேலு ஆயிரம் பேசியிருந்தாலும் அப்படி வலித்திராது. சுகமில்லாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவமானப்பட்டு நிற்கிற ஒருத்தி, இவனுடைய பொய்க்கும் சேர்த்து முட்டுக் கொடுக்கிறாள். இதைவிடக் கேடு ஒரு ஆண்பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

"அதைத் தொடாதை," என்றார் கதிரவேலு. "அவள் சுத்திக்கொண்டு வந்து வாசல் படலையடியிலை நிக்கட்டும்."

நாதன் வாழைக்குள் போய் வாளியை எடுத்தான். நெளிவை முழங்காலில் வைத்து நிமிர்த்தினான். கிணற்றடிக்கு வந்து, அந்த வாளியையே கிணற்றுக்குள் விட்டு நிறைய அள்ளினான்.

"டேய்!"

அவன் காதில் விழுத்தவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொட்டுக்குள்ளால் நீட்டினான்.

"ஸ்ரெல்லா, பிள்ளைக்கு எப்பிடி? கொதிக்க வைச்சுக் குடு, என்ன?"

ஸ்ரெல்லாவின் கண் நிறைந்துவிட்டது. "ஐயோ அண்ணை..." என்றாள். 

கதிரவேலு பொட்டடிக்கு இரண்டடி கிட்ட வந்தார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "உவளை உனக்கு என்னெண்டு தெரியும்?"

"என்ரை ஒழுங்கை, ஐயா. நானும் குருநகர்தான்."

"சீவரத்தினம்! இவன் மானிப்பாய் எண்டெல்லோ நீர் சொன்னீர்?"

சீவரத்தினம் போத்தலின் மூடியைத் திருகினார். மூடி எப்போதோ இறுகிவிட்டது. அவர் திருகிக்கொண்டே இருந்தார்.

"நீ என்ரை கிணத்துக்குள்ளை..." கதிரவேலுவுக்கு மூச்சு வாங்கியது. "இவ்வளவு வருசமா..."

"ஓம். மிசின் பழுதான நேரமெல்லாம் இறங்கி ஏறினது நான்தான். இடுப்பளவு தண்ணியிலை நிண்டு வேலை செய்திருக்கிறன். உங்கடை பேணியிலை குடிச்சும் இருக்கிறன்."  வீரமாகப் பேசுகிறோம் என்ற நினைப்பு நாதனுக்குத் துளியும் இல்லை. லூர்த்தம்மாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. "இப்பவும் இறைக்கச் சொன்னால் இறைக்கிறன், ஐயா. ஆனால் இறைக்கிறதும் இந்தக் கைதான்."

"இறைக்கத்தான் வேணும்! விடியவிடிய இறைக்க வேணும்! ஆள் பிடிச்சு இறைப்பிப்பன்!" கதிரவேலு கத்தினார்.

"கிணத்தை இறைப்பியள்," என்றது ஒரு குரல். மீனாம்பிகை. வெறும் பேணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றார். புருசனுக்கு எதிரே அவர் குரல் உயர்த்தியதை நாதன் இதற்கு முன் கேட்டதில்லை, இப்போதும் உயர்த்தவில்லை. "இந்தத் தண்ணியிலை சமைச்சுத்தானே இவ்வளவு காலமும் சாப்பிட்டம். உங்கடை அம்மா சாகக்கிடக்கேக்கை வாயிலை விட்டதும் இதைத்தான். வயித்துக்குள்ளை கிடக்கிறதை என்னெண்டப்பா இறைக்கிறது?"

கதிரவேலு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.  பிறகு சால்வையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறென்று உள்ளே போய்விட்டார். கதவு அடிபட்டுச் சாத்தியது.

நாதன் குழாயைக் கிணற்றில் இருந்து இழுத்தான். மிசினைத் தனியே தூக்கி வண்டிலில் ஏற்றினான். சீவரத்தினம் கிட்ட வந்தார். முகம் சாம்பலாய் இருந்தது.

"என்ன வேலை பாத்தாய், நாதன்? இனி ஒரு தோட்டக்காரன் கடைக்கு வருவானோ? எனக்கும் கலியாணத்துக்கு நிக்கிற குமர்ப்பிள்ளையள் இருக்கடா. நாளைக்கு வராதை."

அதை எதிர்பார்த்துத்தான் இருந்தான். குழாயைச் சுருட்டி வண்டிலில் வைத்தான்.

"ஓம், முதலாளி," என்றான். "பொழுதுபடுமட்டும் நான் உங்கடை ஆள்தானே. பெற்றோலைத் தாங்கோ. அங்கை சனம் காத்துக்கொண்டு நிக்குது."

சீவரத்தினம் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. போத்தலை அவன் கையில் வைத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறி ஓடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடக் கிணற்றைச் சுற்றிச் சனம் நின்றது. கிணற்றில் இருந்து நாற்றம் குமட்டியது. நாதன் குழாயை இறக்கி, நாலு துளி பெற்றோல் விட்டு, கயிற்றைச் சுற்றினான். ஸ்ரெல்லா பிள்ளையை ஒரு கிழவியிடம் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவளுக்கு எதுவும் விளங்காமல் இல்லை. அதனால்தான் அவள் முகத்தில் ஒரு பயம் இருந்தது.

"அண்ணை, என்னாலை உங்களுக்கு வேலையிலை ஏதும் கரைச்சலோ?"

அவன் அவளைப் பார்த்தான்.

"சீச்சீ, முதலாளி நல்ல மனுசன். ஒண்டும் சொல்லேல்லை," என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தான்.