உப்பில்லாத நாற்பத்தொரு நாள்

மாரியம்மனிடம் நான் கேட்டது மகளின் உயிரை. தமிழ்ப்ரியாவுக்கு ஐந்து வயது. பதினைந்து நாளாக விடாத காய்ச்சல். அவள் எழுந்து நடந்தால் நாற்பத்தெட்டு நாள் உப்பைத் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். மூன்றாம் நாளே எழுந்து நடந்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் வாக்குத் தவறலாமா?

தொண்ணூற்று நாலு ஏப்ரல் அது. ஹெப்பாளில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் எனக்கு உலைப் பக்கம் வேலை. இரும்பு உருகும் இடத்தில் நிற்பவனுக்கு வியர்வைக்கா பஞ்சம்? சட்டை காய்ந்தால் முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். போகிறதே, திரும்ப எங்கிருந்து வரும் என்று ஒருவனும் யோசிக்கவில்லை, நான் உட்பட. வீட்டில் என் மனைவி காவேரி எனக்கென்று தனியாக உப்பில்லாத களி கிளறினாள்.

நாற்பத்தொன்றாம் நாள் காலையிலேயே தலை கனத்தது. கூட வேலை செய்யும் மஞ்சுநாத், "வெயிலு ஜாஸ்தி ரத்தினண்ணா. நீரு குடி" என்றான். குடித்தேன். இன்னும் கனத்தது. இன்னொரு சொம்பு கொடுத்தான். அப்படி எத்தனை சொம்பு உள்ளே போனது என்று எனக்கே தெரியாது.

அப்புறம் சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். உலையின் சிவப்பு மெல்ல மெல்லத் தரையில் இறங்கிப் பரவி, கண்ணுக்கெட்டியவரை பூ வயலாக நின்றது. என் கால்கள் தரை தொடாமல் அதன்மேல் நடந்தன. மஞ்சுநாத் கிணற்றுக்குள் நின்று பேசுவது போலக் கேட்டது. கையில் பிடித்திருந்த கம்பி எதற்கு என்பது மறந்தது. வயலில் ஒரு சின்னப் பெண் ஓடினாள். எனக்கு வேண்டியவள் என்று தெரிகிறது, கூப்பிடப் பெயர் வரவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

கண் விழித்தது ஆஸ்பத்திரியில், மறுநாள் மத்தியானம். தலைக்கு மேல் பாட்டில் தொங்கியது. நர்ஸ் கெம்பம்மா எங்கள் சொந்த ஊரான ஹனூர்ப் பக்கத்துக்காரி.

"விரதம்னு உங்க ஊட்டுக்காரம்மா சொன்னப்பறந்தான் டாக்டருக்கு வெவரம் புரிஞ்சுதுங்க" என்றாள். "ஒடம்பு பூராவும் கோடிக்கணக்கா செல்லு இருக்குதுங்கல்லோ. ரத்தத்துல உப்பு கொறஞ்சா, குடிக்கற தண்ணி அதுக்குள்ள பூந்துக்கும். ஊறவெச்ச கொண்டக்கடலையாட்ட வீங்கிப்போகும். மூளை வீங்குனா மண்டையோடு எடம் குடுக்குமா? உப்பும் தண்ணியும் ஒரு அளவுல நிக்கோணுமுங்க."

"பாட்டில்ல என்ன?" என்று கேட்டேன்.

"உப்புத் தண்ணிதானுங்க. மெதுவா ஏத்தறோம்."

ஊசியைப் பிடுங்கப் போனேன். அவள் என் கையை அமுக்கிக்கொண்டாள். இன்னும் ஏழு நாள் பாக்கி. மகளுக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தால் யார் பதில் சொல்வது?

சாயங்காலம் காவேரி வந்தாள், மகளையும் கூட்டிக்கொண்டு. தூக்குப்போசியில் உப்புப் போட்ட கஞ்சி.

"மாரியாத்தாகிட்டப் பேசிட்டனுங்க" என்றாள். "மிச்ச ஏழு நாளும் நான் இருந்துக்கறேன். எனக்கென்ன, உலையிலயா வேல? நீங்க குடிங்க."

நான் போசியைத் தொடவில்லை. பிடிவாதத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

"நேத்து இங்க மயக்கத்துல இவளப் பாத்து யாரு நீன்னு கேட்டீங்க" என்றாள் காவேரி. "ஊட்டுக்கு வந்து அழுதுட்டே தூங்குனா."

எனக்கு அது தெரியாது. போசியை வாங்கிக்கொண்டேன்.

முதல் வாய்க்கே கண் கலங்கிவிட்டது, அவ்வளவு ருசி. வெட்கமாகவும் இருந்தது. ஒரு வாய் குடிப்பேன், தமிழ்ப்ரியாவின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். இன்னொரு வாய், மறுபடியும் நெற்றி. "சும்மா இருப்பா" என்று சிணுங்கினாள். கஞ்சி தீரும்வரை அவள் நெற்றி சுடவே இல்லை.

காவேரி இன்னொரு டப்பாவைத் திறந்தாள். வெறும் சோறும் உப்பில்லாத பருப்பும். கட்டில் ஓரம் உட்கார்ந்து பிசைந்து, முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.