சிவப்புக்கு வேண்டியவன்

ஏப்ரல் வெயிலில் பள்ளிக்கூட மைதானம் கொதித்தது. பட்டாளத்துக்கு ஆளெடுக்கும் சீட்டுக் குலுக்கல். பந்தலுக்குள் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த பையன்கள் எல்லோருக்கும் ஒரே வேண்டுதல்தான். பெட்டிக்குள் கைவிட்டால் கறுப்புச் சீட்டு வரவேண்டும். கறுப்பு என்றால் வீடு, சிவப்பு என்றால் இரண்டு வருஷம் பட்டாளம். கயிற்றுக்கு வெளியே தாய்மார்கள் தாயத்தும் கையுமாக நின்றார்கள்.

பிராசித் ஒருவன்தான் சிவப்புக்கு வேண்டிக்கொண்டவன். கோயில் சாமிக்கு நூறு அவித்த முட்டை படைப்பதாகச் சொல்லியிருந்தான். கிறுக்கன் என்பீர்கள். போன மழைக்காலத்தில் அம்மா செத்துப்போன வீட்டில் தனியாக இருந்து பார்த்தால் தெரியும். பசைபோல் ஒட்டும் அரிசியை வேகவைக்கும் மூங்கில் கூடை இரண்டு பேருக்கானது. ஒருவனுக்குப் போட்டால் அடியில் கொஞ்சம் கிடக்கும், பார்த்தாலே பசி போய்விடும். பட்டாளத்தில் என்றால் பக்கத்தில் எவனாவது குறட்டை விடுவான், எவனாவது திட்டுவான். அதுவும் ஒரு மனிதக் குரல்தானே?

"யாருப்பா தானா வர்றீங்க?" என்று காலையில் அதிகாரி கேட்கத்தான் செய்தார். பிராசித்தின் கை தொடைமேலேயே கிடந்தது. தூக்கினால், எனக்காகக் காத்திருக்க ஒரு நாதியில்லை என்று ஊருக்கே தமுக்கடித்த மாதிரி ஆகிவிடும். பாழாய்ப்போன மானம்!

அவனுக்கு முன்னால் போன வீரட்டுக்குச் சிவப்பு வந்தது. கயிற்றுக்கு அப்பால் அவன் அம்மா மயங்கி விழுந்தாள். நான்கு பேர் தூக்கி விசிறினார்கள். பிராசித்துக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

அவன் முறை வந்தது. கைவிட்டான். எடுத்தான்.

"கறுப்பு!"

எல்லோரும் கை தட்டினார்கள். அவனுக்கோ அந்தக் காலி வீடுதான் கண்முன்னால் வந்து நின்றது. வெளியே வந்தவன் முதுகில் பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"பொழச்சடா! கறுப்புடா!" எதிர் வீட்டு லம்துவன் பெரியம்மா. மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தாள்.

"நீங்க எதுக்கு பெரியம்மா இங்க?"

"எதுக்கா? கேக்குறான் பாரு கேள்வி! உனக்குக் கறுப்பு வரணும்னு சாமிக்கு நூறு முட்டை வேண்டியிருக்கேன்டா. எம்புள்ள சிவப்பு எடுத்துட்டுப் போனவன், அப்படியே பாங்காக்குலயே தங்கிட்டான். உன் வீட்டு வெளக்கும் அணைஞ்சா நான் யாரு மொகத்துல முழிக்கிறது?"

இத்தனை மாதமாக எதிரெதிர் வாசலில் ஆளுக்கொரு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு மடையர்கள்.

"ஆமா, நீ ஒண்ணும் வேண்டிக்கலையா?"

"வேண்டிக்கிட்டேன்... நூறு."

"அட! அப்ப இருநூறு! சாமி கொடுத்திருச்சில்ல, சொன்னதச் செஞ்சிரணும்."

அவன் கேட்டது வேறு. தலையாட்டிவிட்டு அவளோடு வீட்டுப் பக்கம் நடந்தான்.

"முட்டை அவிக்க உங்கம்மாவோட பெரிய பானை இருக்காடா?"

"இருக்கு," என்றான். "பெரியம்மா, போனதும் ரெண்டு பேருக்கா அரிசி ஊறப்போடட்டுமா?"