உப்பின் மேல் போட்ட பழி

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எது பழுதானாலும் பழியைப் போட உப்புக்காற்று இருக்கிறது. சைக்கிள் செயின் இறுகினாலும் உப்பு, மின்விசிறி கத்தினாலும் உப்பு. கணினி திருத்தும் றீற்றாவும் இதற்கு விலக்கல்ல. டொக்யாட் வீதியில் கடை போட்ட பன்னிரண்டு வருடத்தில் அவள் மேசையில் அழிறப்பர் இல்லாத நாளில்லை. கணினி முரண்டு பிடித்தால் ரேம் என்கிற நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டுவாள். பத்தில் எட்டு எழும்பிவிடும். அந்த எட்டுத்தான் அவளுக்குத் தலைக்கனத்தைக் கொடுத்தது.

வியாழக்கிழமை காலை கடை திறக்கும்போதே றம்ஸியா வாசலில் நின்றாள். மூதூரிலிருந்து பஸ்ஸில், கணினியைப் படுக்கை விரிப்பால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரே மாதத்தில் இது மூன்றாவது தரம். வீட்டுப் படம் வரைகிற பெண் அவள். கொழும்பில் ஒரு கட்டட நிறுவனம், வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பும் வேலைக்கு ஆள் எடுக்கிறது. அன்று பின்னேரம் இரண்டு மணி தொடக்கம் ஐந்து மணிவரை பரீட்சை. மூன்று மாடிக் கட்டடமொன்றை வரைந்து அனுப்பவேண்டும்.

கட்டாரில் இருக்கிற கணவன் இக்ராம் இன்னும் இரண்டு வருடத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவேண்டிய நாள் மறுநாள். இவளுக்கு வேலை கிடைத்தால் அவன் ஊருக்கு வந்துவிடலாம். அவர்களுடைய நாலு வயது மகள் வாப்பாவை நேரில் கண்டது மொத்தம் நாற்பது நாள்.

"திரும்பவும் திரை நீலமாப் போய் நிக்கிது அக்கா. படம் பெரிசாகிற நேரம்தான் விழுது."

"உப்புத்தான் தங்கச்சி. இருங்கோ, தேய்ச்சு விடுறன்."

"ரெண்டு தரம் தேய்ச்சிட்டீங்க. எங்கட வீடு வயல் பக்கம் இரிக்கி, கடல் பக்கம் இல்ல."

றீற்றாவுக்குச் சுள்ளென்றது. ஆனால் பிள்ளை சொன்னதில் பிழை எங்கே இருக்கிறது?

போன மாதம் நடந்தது இதுதான். றம்ஸியாவின் கணினியில் நாலு ஜீபி ரேம் இரண்டு, ஒரே கம்பனிச் சோடியாக, இருந்தன. பெரிய படங்களுக்கு அது போதவில்லை என்று வந்தபோது, றீற்றா தன் மேசை லாச்சியிலிருந்து எட்டு ஜீபி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் செருகிவிட்டாள். அது வேறு கம்பனி, வேறு வேகம். "ஒரே மாதிரிப் போடுங்கோ எண்டு பெட்டியில எழுதுவாங்கள். விக்கவேணுமெல்லே, எழுதுவாங்கள்" என்று சிரித்ததும் அவளேதான். இறக்குமதி நின்றுபோன வருடத்தில் அதையும் இதையும் கலந்து ஊரில் பாதிக் கணினிகளை ஓடவைத்த கை அது. திரையில் பதினாறு என்று காட்டியது. அதோடு அனுப்பிவிட்டாள்.

"ஒண்டு கேக்கட்டா?" என்றாள் றம்ஸியா. "புதுசக் கழட்டிட்டு, பழசு ரெண்டையும் மட்டும் ஓடவிட்டுப் பாத்தா என்ன?"

கடைக்காரிக்கு வாடிக்கையாளர் வழி சொல்வது பொறுக்கக்கூடிய காரியமல்ல. றீற்றா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கழற்றினாள். பழைய சோடியை மட்டும் வைத்து ஒரு மணித்தியாலம் சோதனை ஓடவிட்டாள். ஒரு பிழையும் இல்லை. புதியதை மட்டும் வைத்தாள். அதிலும் இல்லை. மூன்றையும் சேர்த்தாள். இருபது நிமிடத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள் இறங்கின. உப்பென்றால் தனியே வைத்தபோதும் காட்டியிருக்கவேண்டும்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மாதமாக அந்தப் பிள்ளையை பஸ்ஸில் அலைக்கழித்திருக்கிறாள்.

"பிழை என்னில தங்கச்சி. மூண்டும் நல்ல ரேம்தான். கலந்து போட்டது நான்."

பழைய சோடிக்கு ஒத்தது அவள் லாச்சியிலும் இல்லை, அந்த வீதியில் மற்ற இரண்டு கடைகளிலும் இல்லை. மணி பன்னிரண்டரை.

"பழைய எட்டு ஜீபியோட மூண்டு மாடி ஏலுமா அக்கா?"

"எனக்குத் தெரியாது" என்றாள் றீற்றா. பன்னிரண்டு வருடத்தில் அந்த வார்த்தை அந்தக் கடையில் கேட்டதே இல்லை. "மெல்ல மெல்ல, ஆறுதலாத்தான் ஓடும். ஆனா விழாது."

றம்ஸியா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு, "அப்ப மாடிய வேற வேறயா வரைஞ்சு, கடைசியில ஒண்டாக்குறன். இங்கயே இருந்து செய்யட்டா? வீட்ட போய்ச்சேர நேரம் இல்ல" என்றாள்.

றீற்றா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். வந்தவர்களையெல்லாம் ஐந்து மணிக்குப் பிறகு வரச் சொன்னாள். பிரிண்டர் கொண்டுவந்த ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

நாலே முக்காலுக்கு மூன்று மாடிகளையும் ஒன்றாக்கும் கட்டம் வந்தது. திரை அசையாமல் நின்றது. நடுவில் சின்ன வட்டம் ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நாலு ஐம்பதாயிற்று. றீற்றா கதிரையை விட்டெழும்பி உள்ளே வந்து நின்றாள். றம்ஸியாவின் உதடு மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. நாலு ஐம்பத்திநாலுக்குக் கட்டடம் முழுதாக எழும்பி நின்றது. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அனுப்பிவிட்டாள்.

தண்ணீர்கூடக் குடிக்காமல் அவள் கட்டாருக்குப் போன் எடுத்தாள்.

"நாளைக்குக் கையெழுத்து வைக்காதீங்க" என்றாள்.

றீற்றாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "முடிவு வர ஒரு கிழமை எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"ஓம் அக்கா. இவங்க எடுக்காட்டி வேற இடத்தில கேப்பன்." அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "எனக்கு ஏலாது எண்டு நினைச்சுத்தான் அவரப் போகச் சொன்னன். இண்டைக்கு ஏலும் எண்டு கண்டிட்டன்."

கடை சின்னது. போனில் இக்ராம் சொன்னது றீற்றாவுக்கும் கேட்டது.

"வரக்குள்ள மகளுக்குச் சப்பாத்து வாங்கணும். அளவு என்ன?"

றம்ஸியாவுக்கு அழுகை வந்துவிட்டது. அளவை இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.