கொட்டாஞ்சேனையில் ஒரு கரத்தை வகுப்பு

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் பிறந்தது. சனிக்கிழமை காலைகளில், வெள்ளவத்தையில் என் மகளின் கராத்தே வகுப்பு வாசலில், அதில்தான் குந்தியிருப்பேன். உள்ளே சின்னப் பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள். வெளியே எனக்கு மயிர்க்கூச்செறியும். வெள்ளைக்காரன் காலத்தில் இதே கொழும்பில் யாராவது இப்படி ஒரு வகுப்பு நடத்தியிருந்தால்? நடத்தியதற்குச் சான்று எதுவும் என்னிடம் இல்லை. அதற்கென்ன? வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘1938ஆம் ஆண்டு, கொட்டாஞ்சேனையின் ஒரு மங்கலான மாலையில், மழை—’

(வேண்டாம். மங்கலான மாலையில் பிள்ளைகள் சிரிக்கமாட்டார்கள்.)

அடுத்தது: ‘கௌரி அடக்கமான பெண். அவளுடைய கண்களில் ஒரு சோகம்—’

(பொய். கௌரிக்கு இருபத்துமூன்று வயது. சோகப்பட அவளுக்கு எங்கே நேரம்?)

கடைசியில் நின்றது இதுதான்: ஒரு ஞாயிறு காலை, தேங்காய்த் தும்புக் கிடங்கின் நடுவில் நின்றுகொண்டு கௌரி, “எல்லாரும் விழுங்கோ!” என்றாள். பிள்ளைகள் தொப்பென்று விழுந்தார்கள்.

இப்போது விளக்கம் சொல்ல வேண்டும். கௌரி பிறந்து வளர்ந்தது மலாயாவில், ஈப்போவில். யாழ்ப்பாணத்துக்காரரான தகப்பனுக்கு அங்கே ரெயில்வேயில் வேலை. பக்கத்து வீட்டில் ஒரு ஜப்பான்காரர் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தார். அவருடைய மனைவி விடியற்காலையில் தன் பெண்பிள்ளைகளுக்கு முற்றத்தில் கராத்தே பழக்குவாள். வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த கௌரி ஒருநாள் வேலியைத் தாண்டிக் குதித்துவிட்டாள். தகப்பன் பென்ஷன் எடுத்துக் குடும்பம் கொழும்புக்கு வந்த பிறகும், அவளுடைய கைகால்கள் சும்மா இருக்க மறுத்தன.

கிடங்கு மஹ்ரூபுடையது. முன்னால் தும்பு மெத்தைக் கடை, பின்னால் கிடங்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை இலவசமாகவே தந்தார், ஒரு நிபந்தனையோடு: பத்து வயது மகள் பஹ்மியாவையும் சேர்க்க வேண்டும். பஹ்மியா வீட்டுக்கு வெளியே வாய் திறப்பதில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

“இந்தப் புள்ளக்கிக் கொஞ்சம் துணிச்சல் வந்தாப் போதும் டீச்சர்” என்றார்.

மனைவி ஹமீமாவிடம் மட்டும், தையல் வகுப்பு என்று சொல்லி வைத்தார்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கராத்தே என்ற சொல்லை அந்தத் தெரு கேள்விப்பட்டதேயில்லை. கரத்தை என்றால் தெரியும், மாட்டுவண்டி. ஆகவே, யாழ்ப்பாணத்துப் பெட்டை ஒருத்தி பிள்ளைகளுக்கு மாட்டுவண்டி ஓட்டப் பழக்குகிறாளாம் என்றுதான் முதலில் கதை பரவியது. ஒரு கரத்தைக்காரர் கோபத்தோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மாட்டைக் காணாமல் திரும்பிப் போனார்.

3

இதுவரை வாசித்த நண்பர் கேட்டார்: “அந்தக் காலத்தில் ஒரு பெண்ணை இதெல்லாம் செய்ய விட்டிருப்பார்களா?”

விட்டிருக்கமாட்டார்கள்தான். ஆனால் கௌரி யாரிடமும் கேட்கவில்லையே!

முதலில் விழப் பழக்கினாள். தும்பின்மேல் விழுவது பிள்ளைகளுக்குத் திருவிழா. டோரின் என்ற வாயாடிச் சிறுமி, சொல்லாமலே பத்துத் தரம் விழுந்தாள். தும்மலும் சிரிப்புமாகக் கிடங்கு அதிர்ந்தது. அடுத்தது குத்து. ஒவ்வொரு குத்துக்கும் வயிற்றிலிருந்து ஒரு “ஏய்!”

பஹ்மியா அழகாக விழுந்தாள், நேராகக் குத்தினாள். சத்தம் மட்டும் வரவில்லை. வாயைத் திறப்பாள், காற்று வரும்.

“பரவாயில்லை, அடுத்த ஞாயிறு சத்தம் வரும்” என்பாள் கௌரி. வாரங்கள் போயின. கௌரிக்கே நம்பிக்கை குறையத் தொடங்கி—

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

4

ஹமீமாவை நான் முதலில் ஒரு கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். அவள் அதற்கு இணங்கவில்லை. மகள் இத்தனை வாரம் தையல் பழகியும் ஒரு கைக்குட்டைகூட வீட்டுக்கு வராததைக் கண்டு யோசித்த தாய் அவள். அதில் என்ன கொடுமை?

ஒரு ஞாயிறு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். முன்கடையில் மஹ்ரூப் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணில் படாமல் பக்கத்து ஒழுங்கையால் கிடங்குக்குள் நுழைந்தாள். உள்ளே தன் மகள் காற்றைக் குத்திக்கொண்டிருந்தாள்.

“ஊசியெங்க? நூலெங்க?” ஹமீமா நாலாபக்கமும் தேடினாள். “பொம்புளப் புள்ளைக்கிப் படிச்சுக் குடுக்கிற வேலயா இது? வா ஊட்டுக்கு!”

மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, ஒரு நிமிஷம் கேளுங்கோ—” என்று கௌரி முன்னால் வந்தாள். அதற்குள் நடந்துவிட்டது. பஹ்மியா கையைத் திருப்பினாள், பிடித்திருந்த பெருவிரலின் பக்கமாக வெட்டி இழுத்தாள், கூடவே வயிற்றின் அடியிலிருந்து, இத்தனை வாரமும் வராதது வந்தது.

“ஏய்!”

கூரையிலிருந்து புறாக்கள் பறந்தன. டோரின் சொல்லாமலே இன்னொரு தரம் விழுந்தாள்.

ஹமீமா தன் வெறுங்கையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பஹ்மியாவின் உதடு அழுகைக்குத் தயாராகத் துடித்தது.

5

இங்கே மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) ஹமீமா மகளை அறைந்து இழுத்துப் போகிறாள். (எழுதி முடித்ததும் என் கன்னம் எரிந்தது. கிழித்தேன்.)

ஆ) ஜப்பானோடு யுத்தம் வருகிறது, அந்த ஊர்ச் சொல்லைச் சொல்லவே பயந்து கௌரி வகுப்பை மூடுகிறாள். (வரலாறு அப்படித்தான் போயிருக்கும். ஆனால் இது 1938, இன்னும் வெயில் அடிக்கிறது. அவர்களை அங்கே நான் கூட்டிப் போகமாட்டேன்.)

இ) நடந்தது:

“ஒனக்கு இவ்வளவு சத்தம் ஈக்கா மகள்?” என்றாள் ஹமீமா, மெதுவாக. பிறகு கௌரியிடம் திரும்பினாள். “இவ எப்புடிக் கையக் கழட்டினா? எனக்குக் காட்டுங்க.”

“நீங்களோ?”

“நான்தான். ஏன், எனக்குக் கையில்லையா?”

போய்த் தானே கடைப்பக்கக் கதவைத் தாழிட்டாள். முக்காட்டை இடுப்பில் சொருகிக்கொண்டாள். கௌரி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். முதல் தரம் வரவில்லை. இரண்டாம் தரமும் இல்லை.

“பெருவிரல் பக்கம், உம்மா! பெருவிரல் பக்கம்!” பஹ்மியா துள்ளினாள். எல்லோர் முன்னாலும், உரத்த குரலில்.

ஹமீமா திருப்பினாள், வெட்டினாள், கத்தினாள். அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத மூன்று நாள் முயன்று தோற்றேன். கௌரியின் கை காற்றில் தொங்கியது. பிள்ளைகள் தும்பை அள்ளி மேலே எறிந்து கூத்தாடினார்கள்.

முன்கடையிலிருந்து மஹ்ரூப் ஓடி வந்தார். கதவு தடதடத்தது.

“டீச்சர்! யாரு அது கத்தின? யாருக்கும் அடிபட்டுட்டா?”

கலியாணம் முடித்து இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவர் கேட்டதேயில்லை. உள்ளே ஹமீமா, கண்ணில் நீர் முட்ட, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கௌரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பஹ்மியா தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, திறக்கவா என்று திரும்பிப் பார்க்கிறாள். தாயை அல்ல, கௌரியை அல்ல. உங்களைத்தான்.

சீக்கிரம் சொல்லுங்கள். மனுஷன் கதவை உடைக்கப் போகிறார்.