இரண்டு பேருக்கும் ஒரே கதவு

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அக்கா போனில் சொன்னது. அச்சுக்குப் போகுமுன் தன்னிடம் படித்துக் காட்ட வேண்டும் என்றாள். அத்தானுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவள் எதற்கும் நிபந்தனை போட்டு நான் பார்த்ததில்லை. ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 'மருத்துவமனையின் நீண்ட நடைபாதையில் சோகமே உருவாக அவள்...'

"அது யாருடா?" என்றாள் அக்கா. "எனக்கு அன்னிக்குப் பசி, அவ்வளவுதான்."

அடித்துவிட்டேன்.

3

நடந்தது இதுதான். பக்கவாத நோயாளிகளுக்கான புதிய பயிற்சி ஒன்றை ஆராயும் டாக்டர், வீட்டில் பார்த்துக்கொள்பவர்களையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார். அவருடைய முந்தைய ஆய்வை யாரும் சீந்தவில்லையாம். இந்த முறை பயிற்சியின் பலனைக் காட்ட எதை அளப்பது என்று அவர்களிடமே முதலில் கேட்டுவிட நினைத்தார். (நல்ல மனிதர். வில்லன் இல்லாமல் கதை நகருமா என்று எனக்குத்தான் கவலை.) நோயாளி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கலாமா என்றார்.

"நடக்கட்டும் டாக்டர். நான் கதவைச் சாத்திக்கிட்டுக் குளிக்க முடியுமா? அதைச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

அத்தான் விழுந்துவிடுவாரோ என்று கதவைத் திறந்துவைத்தே குளிக்கிறாள் என் அக்கா. எனக்கு இது தெரியாது. டாக்டர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வார்களாம்.

4

கைதட்டல் வாங்கும் முடிவு ஒன்றும் எழுதினேன். ஆய்வு வெற்றி, அக்கா கதவைச் சாத்திக்கொண்டு பாட்டை முணுமுணுத்தபடி... நேரில் போய்ப் படித்துக் காட்டினேன். அவள் அத்தான் படுத்திருந்த கட்டிலைக் காட்டினாள்.

"அவரைக் கேட்டியா?"

கேட்கவில்லை. கூட்டத்திலும் அத்தான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பேச்சு குழறும் என்று எல்லோரும் அக்காவையே கேட்டார்கள். உங்களுக்கு என்ன வேண்டும் அத்தான் என்றேன். அவர் திணறித் திணறிப் பேச, நான் அவசரப்பட்டு இரண்டு முறை அவர் வாக்கியத்தை முடித்துவைத்தேன். இரண்டும் தப்பு.

"நானும்... கதவை... சாத்திக்கிட்டு."

கழிப்பறைக்கு அவரைக் கூட்டிப்போய், கதவைத் திறந்துவைத்து எதிரிலேயே நிற்பவள் அக்கா. ஏன் சொல்லவே இல்லை என்று அவரைக் கேட்டாள்.

"நீ... பயப்படுவே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுதுகிறவன் கதைக்குள் அழக் கூடாது என்பார்கள். போகட்டும்.

5

அடுத்த கூட்டத்தில் இரண்டு பேரும் பேசப்போகிறார்கள். ஆய்வு அந்தக் கதவை அளக்குமா, எனக்குத் தெரியாது.

இப்போது அத்தான் சுவரைப் பிடித்தபடி கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறார். அக்கா தடுக்கவில்லை. வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். கதை எழுதுகிறவனுக்கு எந்த அறைக்குள்ளும் நுழைய உரிமை உண்டு. நான் நுழையப்போவதில்லை.

முடிவு வேண்டுமென்றால், வெளியே வந்ததும் அவரையே கேளுங்கள். அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினால், தயவுசெய்து நீங்கள் முடித்துவைக்காதீர்கள்.