முபீனா மிதித்த பிரேக்

பெர்மாஸ் ஜெயாவில் மீ கோரெங் நூடுல்ஸ் கடை நடத்தும் ஹாரூனின் இருபத்திரண்டு வயதுக் கார், சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாவது வாரத்தில், அவன் மிதித்தால் நிற்பதை விட்டுவிட்டு, பக்கத்து இருக்கையிலிருந்து அவன் மனைவி முபீனா மிதித்தால் மட்டும் நிற்கத் தொடங்கியது. அந்தப் பக்கம் பெடல் கிடையாது, ரப்பர் விரிப்புதான் உண்டு. முபீனாவுக்கு லைசென்ஸும் கிடையாது. யோங் பெங் சிக்னலில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் நின்றிருந்தபோதுதான் இது முதலில் தெரியவந்தது. ஹாரூன் மிதித்த பெடல் தரைவரை போய் ஒட்டிக்கொண்டது. முபீனா வழக்கம்போல் "யா அல்லாஹ்" என்று விரிப்பை ஓங்கி மிதித்தாள். அவள் மடியிலிருந்த மரவள்ளி வறுவல் கிரிப்பெக் பொட்டலம்கூட அசையாமல் கார் பதவிசாக நின்றது.

ஹாரூனுக்குச் சந்தேகம் பிரேக் ஆயில் ஓடும் ரப்பர் ஹோஸ் மீது போனது. நியாயமான சந்தேகம்தான். ஒரு வருடத்துக்கு முன்பே, உருண்டோடிய வெங்காயத்தை எடுக்கக் குனிந்த முபீனா, முன் சக்கரத்துக்குப் பின்னால் ஹோஸ் பாளம் பாளமாக வெடித்திருப்பதைப் பார்த்துச் சொல்லியிருந்தாள். "அது மேல் தோலுதான் லா" என்று ஹாரூன் தட்டிக்கழித்தான். பெருநாளுக்கு அடுத்த சனிக்கிழமைதான் அந்த ஒன்றை மட்டும் மாற்றினான். இப்போது நான்கையும் மாற்றினான். வீட்டு முன்புறச் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, ஒவ்வொன்றையும் வளைத்து வெடிப்பு பார்த்து, முபீனாவை மிதிக்கச் சொல்லி வீக்கம் தடவிப் பார்த்து, எல்லாம் முறைப்படிதான். நிற்கும்போது பெடல் கல் மாதிரி இருந்தது. தெருமுனை தாண்டியதும் கஞ்சியாகிவிட்டது. இரும்புப் பின்னல் போட்ட விலை கூடிய ஹோஸ் வாங்கி மறுபடி மாட்டினான். அதுவும் அப்படியே. பக்கத்து இருக்கைக்கு முன் அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தான். நூற்றுப் பத்து கிலோ எடையுள்ள நண்பன் உதுமானை உட்கார வைத்து மிதிக்கச் சொன்னான். கார் எதிர் வீட்டுக் குப்பைத்தொட்டியை இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. ஹாரூன் ஸ்பேனரை வீசியெறிந்த சத்தத்தில் பூனைகள் ஓடின.

ஆகவே அவன் போகும் இடமெல்லாம் முபீனாவும் போகவேண்டியிருந்தது. விடியற்காலை மீன் சந்தைக்கு, முடி வெட்டும் கடைக்கு, பள்ளிவாசலுக்கு. அவள் காரிலேயே உட்கார்ந்து கடைக்கான பூண்டை உரித்தாள். குறை சொல்லவில்லை. அது ஹாரூனுக்கு இன்னும் எரிச்சலூட்டியது. இதற்கிடையே ரெங்கத்தில் இருக்கும் மகள் ஃபரீஹாவுக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது. பிள்ளை பிறந்ததும் நாற்பத்துநாலு நாள் முபீனா அங்கேதான் இருப்பாள். அத்தனை நாளும் மீன் இல்லை, கடை இல்லை. இரண்டு நாள் சாத்தினால் வாடிக்கைக்காரன் அடுத்த கடைக்குப் போய்விடுவான் என்பது அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். ஹாரூனுக்கு அழுகையே வந்தது.

கடைசியில் மானத்தை விட்டு ஜீவனின் பட்டறைக்குப் போனான். ஜீவன் காரைத் தூக்கி, ஹோஸ்களைத் தடவி, கையைத் துடைத்துக்கொண்டான்.

"பாய், ஹோஸ் எல்லாம் ஓகே லா. இந்தக் கூத்துக்கு முன்னால, கடைசியா பிரேக்குல காத்து எடுத்தப்ப யாரு மிதிச்சா?"

"இவதான்."

"முடிஞ்சதும் கால விடச் சொன்னீங்களா?"

முபீனா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை நடந்தது இதுதான். பிரேக் ஹோஸில் புகுந்த காற்றை எடுக்கும்போது ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே திருகாணியைத் திறந்து மூடவேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். பல வருடங்களுக்கு முன் முபீனா ஒருமுறை முந்தி எடுத்துவிட, காற்று புகுந்து வேலை வீணாகி, ஹாரூன் போட்ட கூச்சல் அந்த வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டது. அதன்பின் அவள் சொல்லாமல் எடுத்ததில்லை. அன்று "மிதி, அப்படியே பிடி" என்றவன், பிரேக் ஆயில் தீர்ந்ததைக் கண்டு திருகாணியை மூடிவிட்டு அதை வாங்க நடந்தே கடைக்குப் போனான். வழியில் உதுமான். இரண்டு கிளாஸ் தே தாரேக் டீ. முபீனா ஒரு மணி பத்து நிமிடம் மிதித்துக்கொண்டிருந்தாள். உள்ளே சோறு தீய்ந்தது. மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபிறகுதான் இறங்கினாள். திரும்பி வந்தவன் கேட்ட முதல் கேள்வி, "சொல்லாம ஏன் கால எடுத்தே?"

ஃபரீஹாவுக்கு வலி எடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன தேதிக்கு முந்தைய நாள், மதிய லுஹர் தொழுது, மூன்று மணிக்கு மேல் ஹாரூன் காருக்கடியில் படுத்தான். முபீனா ஓட்டுநர் இருக்கையில் ஏறி மிதித்தாள்.

"முபீனா, விடும்மா. அன்னைக்குச் சொல்லாமப் போயிட்டேன். வந்து ஒன்னையே ஏசினேன். தப்பு என்மேலதான்."

"கேட்டுச்சு மச்சான்" என்றாள். காலை எடுக்கவில்லை.

ஹாரூன் காத்திருந்தான். எறும்பு காதில் ஏறியது. சட்டைக் காலரில் ஆயில் சொட்டியது. உதுமான் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனான். இரண்டு முறை எழப்போன ஹாரூன் இரண்டு முறையும் படுத்துக்கொண்டான். ஒரு மணி பத்து நிமிடம் கழிந்து அஸர் பாங்கு சொன்னபோது, மேலே பெடல் "புஸ்" என்று எழும்பியது.

மறுநாள் அவளை ரெங்கத்தில் விட்டுவிட்டுத் தனியாகவே திரும்பினான். எல்லாச் சிக்னலிலும் கார் நின்றது. கடை ஒரு நாளும் சாத்தவில்லை. பேரனைப் பார்த்துவிட்டு நாற்பத்துநாலாம் நாள் முபீனாவை அழைத்துவந்தான். இப்போதும் ஹோஸ் மாற்றிக் காற்று எடுக்கும் நாளில் "விடும்மா" என்று அவன் சொல்வது அந்த வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கிறது. பக்கத்து இருக்கை விரிப்பை முபீனா மிதித்தாலும் கார் நிற்கத்தான் செய்கிறது. சாலை வரி புதுப்பிக்கும்போது அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.