தோல் நீக்கிய மல்லாட்டை

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், கூரைச் சார்ப்பில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. குஞ்சம்மாள் அண்டாவுக்கு முன்னால் நின்று மரத்துடுப்பால் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கை கொஞ்சம் ஓய்ந்தாலும் மாவு அடியில் பிடித்துவிடும். இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் போட்ட சாக்குகளில் அமெரிக்காவிலிருந்து வந்த சோள மாவு. செஞ்சிக்கு வந்து சேர்வதற்குள் அதில் ஒரு மக்கல் வாடை ஏறிவிட்டிருந்தது. பருப்பு கண்ணில் பட்டு மூன்று வாரமாகிறது. வெறும் மாவையும் உப்பையும் கரைத்து ஊற்றினால் பிள்ளைகள் இரண்டு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு ஓடிவிடும். காலையில் நீராகாரத்தோடு வந்த பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். அதுகளும் கொட்டின.

இன்றைக்குக் கஞ்சி மணத்தது. சனி ஞாயிறு இரண்டு நாளும் தொண்டூர்ப் பக்கம் வேர்க்கடலைக் காட்டில் மல்லாட்டை ஆயப் போயிருந்தாள் குஞ்சம்மாள். கூலியாகக் கிடைத்த மல்லாட்டையில் இரண்டு படியை உடைத்து, வறுத்து, தோல் போகத் தேய்த்துப் புடைத்து, வெல்லம் போட்டு இடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. தானாகச் செய்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மல்லாட்டைப் பொடியைக் கொட்டிக் கிளறும்போது சாஜிதாவின் நினைப்பு வராமல் இல்லை. இரண்டாம் வகுப்புப் பெண். அம்மா அசீசுன்னிசா மல்லாட்டை மில்லில் ஓடு உடைக்கிறவள். பள்ளிக்கூடம் திறந்த புதிதில் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு இதே அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அக்கா, இதுக்கு மல்லாட்ட மட்டும் ஆவாது. வாயில பட்டாலே ஒதடு வீங்கிடும், ஒடம்பெல்லாம் தடிச்சிப்பூடும். நானே மில்லுலருந்து வந்து தலைக்கு ஊத்திகினுதான் இதத் தூக்குவேன். மறந்துகூடக் குடுத்துடாத."

குஞ்சம்மாள் தலையை ஆட்டினாள். மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். மல்லாட்டை பித்தம் என்பது யாருக்குத்தான் தெரியாது? பித்தமெல்லாம் அந்தச் சிவப்புத் தோலில் இருக்கிறது. வறுத்து, தோலை நீக்கி, வெல்லம் சேர்த்தால் முறிந்துவிடும். தன் மூன்று பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தாள். நாள் முழுக்க மல்லாட்டையிலேயே கிடக்கிறவளுக்கு இது தெரியவில்லையே என்று அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. எலும்பும் தோலுமாக இருக்கிற பெண், பக்குவமாகச் செய்து கொடுத்துப் பழக்கினால் தேறிவிடும் என்று நினைத்தாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தன. அன்று ஒரு தட்டும் வேப்பமரத்தடிக்குப் போகவில்லை. சாஜிதா வழித்து நக்கிவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினாள்.

"அத்தே, இன்னும் கொஞ்சம் போடு."

குஞ்சம்மாளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. கரண்டி வழிய ஊற்றினாள்.

அண்டாவில் தண்ணீர் ஊற்றி ஊறவைப்பதற்குள் பிள்ளைகள் கத்தினார்கள். சாஜிதா தூணில் சாய்ந்து கழுத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். உதடு தடித்து வெளியே தள்ளியிருந்தது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. மூச்சு விடும்போது தொண்டையில் விசில் மாதிரி சத்தம் வந்தது. தலைமையாசிரியர் சுந்தரமூர்த்தி சைக்கிளை எடுத்தார். குஞ்சம்மாள் பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அந்தச் சத்தம் நின்றுவிடக்கூடாது, நின்றுவிடக்கூடாது என்பதைத் தவிர அவள் வேறெதையும் நினைக்கவில்லை.

டாக்டர் ஊசி போட்டார். "குழந்தை என்ன சாப்பிட்டுது?" என்று கேட்டார்.

"கஞ்சிங்க."

"தினம் குடிக்கிற கஞ்சிதானே? புதுசா எதுவும் சேக்கலியே?"

சுந்தரமூர்த்தி அவளைப் பார்த்தார். 

"தினம் குடிக்கிறதுதாங்க" என்றாள் குஞ்சம்மாள்.

இன்னொரு ஊசி போட்டார்கள். மூன்று மணிக்கு மேல்தான் விசில் சத்தம் அடங்கியது. அசீசுன்னிசா மில்லிலிருந்து ஓடி வந்தாள். தலைமுடியிலும் இமையிலும் மல்லாட்டைத் தூசி அப்பியிருந்தது. வாசற்படியில் காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா" என்று கையை நீட்டினாள் சாஜிதா.

"கிட்ட வரமாட்டேன்டி கண்ணு. மேலெல்லாம் தூசி. குளிச்சிட்டு வந்துட்றேன்." பிறகு குஞ்சம்மாளைப் பார்த்து, "அக்கா, அதுவரைக்கும் நீ அதப் புடிச்சிக்கோக்கா. பெத்தவளாட்டம் தூக்கியாந்து சேத்துட்ட. அல்லா உன்ன நல்லா வெக்கட்டும்" என்றாள்.

அழுகிற பெண்ணை மார்போடு அணைத்துக்கொண்டாள் குஞ்சம்மாள். மல்லாட்டை இடித்த கை அது. காலையில் அடுப்படியில் கழுவியதுதான். எழுந்துபோய்க் குழாயடியில் மண் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாள். அப்புறமும் பெண்ணைத் தொடக் கூசியது.

மறுநாள் விடியற்காலையில் மகளுக்கு வெந்நீர் வாங்கிக்கொண்டு திரும்பிய அசீசுன்னிசாவை ஆஸ்பத்திரி வேலியோரம் நிறுத்தி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தோல் நீக்கியதை, வெல்லம் போட்டதை, டாக்டரிடம் பொய் சொன்னதை.

அசீசுன்னிசா சொம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எத்தினி கரண்டி குடிச்சா?"

"ரெண்டு."

"ரெண்டாவது நீயா ஊத்தினியா?"

"இல்ல. அவளே கேட்டா."

"அவ எதையும் ரெண்டாந்தரம் கேட்டதே இல்லக்கா." முந்தானையால் சொம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னப்ப தலைய ஆட்டினியே. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

 திட்டினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது குஞ்சம்மாளுக்கு. அசீசுன்னிசா இரண்டும் செய்யவில்லை.

"நான் இருட்டுல போனா இருட்டுலதான் வரேன். மத்தியானம் அது வவுத்துக்கு அந்தக் கஞ்சிதான். இனிமேலாச்சும் பாத்துப் போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள் குஞ்சம்மாள். டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அதற்கு முன்னால் தலைமையாசிரியரிடம். சுந்தரமூர்த்தி கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"வேற யார்கிட்ட சொன்ன?"

"அவங்கம்மாவுக்குச் சொன்னங்க. டாக்டருக்கும் சொல்லிட்டா நல்லதுங்க."

"ஒண்ணும் வாணாம். மல்லாட்ட ஏன் போட்டேன்னு கேப்பாங்க. பருப்பு இல்லேம்ப. பருப்பு இன்னா ஆச்சின்னு அப்புறம் என்னக் கேப்பாங்க. உன் வேலையும் போவும், என் வேலையும் போவும். பேசாம இரு." மேசைமேல் இருந்த சாப்பாட்டு ரிஜிஸ்தரைப் புரட்டி ஒரு பெயரின்மேல் கோடு இழுத்தார். "அந்தப் பொண்ணுக்கு இனிமே இங்க சாப்பாடு கிடையாது."

"அய்யா, நான் இனிமே மல்லாட்டய இந்தப் பக்கமே கொண்டாரமாட்டங்க. அதுக்கு வூட்ல சோறு போட ஆளு இல்லீங்க."

"அத அவங்கம்மா பாத்துக்கட்டும். நான் சொல்லி அனுப்புறேன். இன்னொருதரம் ஆயி செத்துகித்துப் போச்சின்னா யாரு ஜவாப் சொல்றது? நீயா?"

குஞ்சம்மாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

வியாழக்கிழமை சாஜிதா வந்தாள். முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மணி அடித்ததும் அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு நாலாவதாக வந்து உட்கார்ந்தாள். அன்றைய கஞ்சியில் சோள மாவும் உப்பும் தண்ணீரும்தான். சுந்தரமூர்த்தி ஆபீஸ் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

குஞ்சம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று தட்டில் ஊற்றினாள். நாலாவது தட்டு இரண்டு கைகளிலும் உயர்ந்து நின்றது. கரண்டி அதைத் தாண்டி அடுத்த தட்டில் இறங்கியது.

"அத்தே, என்ன வுட்டுட்ட."

குஞ்சம்மாள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஆறாவது தட்டுக்கு நகர்ந்தாள். ஏழாவதுக்கு நகர்ந்தாள். தன்னைத் தெரியாமல் விட்டுவிட்டாள் அத்தை என்று நினைத்தாள் சாஜிதா. எழுந்து, தட்டை இடுக்கிக்கொண்டு பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னாலேயே ஓடி, வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தாள். பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, கரண்டி வருகிற பக்கம் தட்டை நீட்டினாள்.